கேமரன் மலைத் தொகுதியும் ஒரு வரைபடப் பாடமும்



அண்மையில் ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். "நீங்கள் குடியிருக்கும் நாடாளுமன்றத் தொகுதியின் பெயர் என்ன?" நால்வர் மட்டுமே கை உயர்த்தினர். அவர்களுள் இருவர் சொன்னது பக்கத்துத் தொகுதியின் பெயர். பிள்ளைகள்தாமே என்று விட்டுவிடலாம். ஆனால், பெற்றோர் சந்திப்பு நாளில் பேச்சுவாக்கில் பெற்றோர் சிலரிடம் கேட்டபோதும் ஏறக்குறைய அதே நிலைதான். கட்சிகளின் பெயர் தெரிகிறது. தலைவர்களின் பெயர் தெரிகிறது. தம் தொகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது மட்டும் தெரியவில்லை.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆசிரியர் பயிற்சியை முடித்து வெளிவந்தபோது எனக்கும் தெரியாது. நான் தெரிந்துகொண்ட கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2004ஆம் ஆண்டு சனவரியில் என் முதல் பணியிடம் கேமரன் மலையில் அமைந்தது. தேயிலைத் தோட்டம் ஒன்றின் நடுவே இருந்த சின்னஞ்சிறு தமிழ்ப்பள்ளி. காலையில் பனிமூட்டம் விலகும் முன்பே பிள்ளைகள் வந்துவிடுவார்கள். சமவெளியில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தக் குளிர் பழகவே ஒரு மாதம் ஆயிற்று. பழகி முடிப்பதற்குள் பொதுத் தேர்தல் வந்துவிட்டது. மார்ச்சு 21ஆம் நாள் வாக்களிப்பு. நம் நாட்டில் ஆசிரியர்களுக்குத் தேர்தல் பணி புதிதன்று. எனக்கும் வாக்குச்சாவடி எழுத்தர் பணிக்கான கடிதம் வந்தது.

அந்தத் தேர்தலுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. கேமரன் மலை என்ற பெயரில் ஒரு நாடாளுமன்றத் தொகுதி அப்போதுதான் முதன்முதலாகத் தேர்தலைச் சந்தித்தது. அதற்கு முன் மலைப்பகுதி லிப்பிஸ் தொகுதியோடு இணைந்திருந்தது. 2003ஆம் ஆண்டின் தொகுதி எல்லை மறுசீரமைப்பில் நாடாளுமன்ற இடங்கள் பெருகின. 1999ஆம் ஆண்டுத் தேர்தலில் 193ஆக இருந்தவை 2004இல் 219 ஆயின. பகாங் மாநிலத்தின் பங்கு 11இலிருந்து 14ஆக உயர்ந்தது. அப்படிப் பிறந்த புதிய தொகுதிகளுள் கேமரன் மலையும் ஒன்று.

எங்கள் தோட்டத்தில் ஒரே மகிழ்ச்சி! ம.இ.கா. வேட்பாளர் போட்டியிடுகிறார், நம் மலைக்கு ஒரு தனித்தொகுதி, நமக்கென்று ஓர் ஆள் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் எண்ணினேன். கேமரன் மலை என்றால் தேயிலை, தேயிலை என்றால் தமிழர், ஆகவே இது நம் தொகுதி. என் கணக்கு அவ்வளவு எளிமையாக இருந்தது.

தேர்தல் பணியாளர்களுக்கான விளக்கக் கூட்டம் தானா ராத்தாவில் நடந்தது. எங்கள் வாக்குச்சாவடித் தலைவராக அமர்த்தப்பட்டவர் நடுத்தர வயது மலாய் ஆசிரியர். லிப்பிஸ் மாவட்டத்தில், ஜெலாய் பக்கத்துப் பள்ளியொன்றில் பணியாற்றுபவர். எப்படி வந்தீர்கள் என்று மரியாதைக்குக் கேட்டேன். ரவூப் வந்து, அங்கிருந்து சிலாங்கூருக்குள் இறங்கி, பிறகு பேராக் மாநிலத்துக்குள் நுழைந்து, தாப்பாவிலிருந்து மலையேறி வந்ததாகச் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். ஒரே தொகுதியின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு வர மூன்று மாநிலங்களைத் தொட்டு வந்திருக்கிறார்!

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொகுதியின் பெயர் கேமரன் மலை. ஆனால் தொகுதி மலையோடு முடியவில்லை. அதில் இரண்டு சட்டமன்றத் தொகுதிகள். ஒன்று தானா ராத்தா. மற்றொன்று ஜெலாய். தானா ராத்தா நாம் அறிந்த கேமரன் மலை: தேயிலைத் தோட்டங்கள், சீனர்களும் இந்தியர்களும் நடத்தும் காய்கறித் தோட்டங்கள், ரிங்லெட், பிரிஞ்சாங், கம்போங் ராஜா போன்ற சிறு பட்டணங்கள். ஜெலாய் முற்றிலும் வேறோர் உலகம். மலையடிவாரத்தில் மலாய்க் கிராமங்கள், சுங்கை கோயான் வட்டாரத்துப் பெல்டா குடியேற்றங்கள், காட்டுக்குள் பூர்வகுடி மக்களின் ஊர்கள். கேமரன் மலை ஒரு மாவட்டம். ஜெலாய் இருப்பதோ லிப்பிஸ் மாவட்டத்தில். இரண்டு மாவட்ட அலுவலகங்கள், இரண்டு மாவட்டக் கல்வி அலுவலகங்கள். நாடாளுமன்ற உறுப்பினர் மட்டும் ஒருவர்.

வாக்களிப்பு நாளுக்கு முந்தைய நாளே எங்களைக் கரடுமுரடான பாதைகளுக்கான வண்டியில் ஏற்றி, மலைச்சரிவில் இருந்த ஒரு பூர்வகுடி ஊருக்கு அழைத்துச் சென்றார்கள். செம்மண் பாதை. முந்தைய நாள் மழை பெய்திருந்தது. இரண்டு இடங்களில் இறங்கி நடந்தோம். அந்த ஊரின் சமூக மண்டபமே வாக்குச்சாவடி.

மறுநாள் காலையில் என் முதல் வேலை, வருபவரின் அடையாள அட்டையைப் பார்த்து, வாக்காளர் பட்டியலில் உள்ள எண்ணையும் பெயரையும் உரக்கப் படிப்பது. வகுப்பில் வருகைப் பதிவேடு படிப்பதைப் போலத்தான். ஆனால், அந்தப் பட்டியலில் இருந்தவை நான் என் வாழ்நாளில் உச்சரித்திராத பெயர்கள். தடுமாறினேன். ஒரு முதியவரின் பெயரை மூன்று முறை தவறாகப் படித்தேன். அவர் சினம் கொள்ளவில்லை. மெதுவாகத் தம் பெயரைத் தாமே சொல்லிக் கொடுத்தார். நான் திருப்பிச் சொன்னேன். தலையசைத்தார்.

இன்னொன்றையும் கவனித்தேன். பலருடைய பெயர்களில், நம்முடைய அடையாள அட்டைகளில் உள்ளதைப் போலவே, இடையில் 'ஏ/எல்', 'ஏ/பி' என்று இருந்தது. இன்னாரின் மகன், இன்னாரின் மகள். மூன்று மாதங்களாக அதே மலையில்தான் இருக்கிறேன். இவர்களைச் சாலையோரத்தில் காட்டுத்தேனும் பெத்தாய்க் காயும் விற்கும்போது பார்த்திருக்கிறேன். இவர்களும் நான் 'நம் தொகுதி' என்று பெருமையடித்துக்கொண்ட அதே தொகுதியின் வாக்காளர்கள் என்பது ஒரு முறையும் என் எண்ணத்தில் தோன்றியதில்லை.

பள்ளி திறந்ததும் நான்காம் ஆண்டு மாணவர்களிடம் ஒரு வெள்ளைத்தாள் கொடுத்து, "நம் தொகுதியை வரையுங்கள்" என்றேன். எல்லாரும் அழகாக வரைந்தார்கள். தேயிலைக் குன்று, தொழிற்சாலை, கோயில், பள்ளி, தானா ராத்தா கடைவீதி, வளைந்து வளைந்து தாப்பாவுக்கு இறங்கும் சாலை. தாள் நிறைந்துவிட்டது. ஒருவர் தாளிலும் ஜெலாய் இல்லை. பூர்வகுடி ஊர்கள் இல்லை. என் கணக்கு எப்படியோ அப்படியே என் மாணவர்களின் படமும் இருந்தது.

அவர்களுள் ஒரு சிறுவன் கேட்ட கேள்வி இன்னும் நினைவில் இருக்கிறது. "டீச்சர், நாம ஏன் தாப்பாவோட சேரல? எங்க அம்மா எல்லாத்துக்கும் தாப்பாவுக்குத்தானே போறாங்க?"

உண்மைதான். 1930களில் மலைக்கு முதன்முதலில் சாலை வந்ததே தாப்பாவிலிருந்துதான். மலைமக்களின் போக்குவரத்து பெரும்பாலும் பேராக் பக்கமே. அவ்வளவு ஏன், மலையின் தண்ணீர்கூட அப்பக்கம்தான் போகிறது! தெலோம், பெர்த்தாம் ஆறுகள் இயற்கையாக ஓடினால் ஜெலாய் ஆற்றில் கலந்து, பகாங் ஆறாகித் தென்சீனக் கடலைச் சேர வேண்டும். 1960களில் அமைந்த நீர்மின் திட்டம் அந்நீரின் பெரும்பகுதியைச் சுரங்கவழியே ரிங்லெட் நீர்த்தேக்கத்துக்கும், அங்கிருந்து மலைத்தொடரைக் குடைந்து பேராக் மாநிலத்து மின்நிலையத்துக்கும் திருப்பிவிட்டது. சாலையும் தண்ணீரும் ஒரு பக்கம்; வாக்குச்சீட்டு மறுபக்கம்.

அந்தச் சிறுவனுக்கு அன்று என்னால் விடை சொல்ல முடியவில்லை. பிறகு கூட்டரசு அரசியலமைப்பின் 13ஆவது அட்டவணையைத் தேடிப் படித்தேன். தொகுதி எல்லைகளை வரையும் நெறிகள் அதில் உள்ளன. தொகுதி மாநில எல்லையைத் தாண்டக் கூடாது. தேர்தலை நடத்துவதற்கான நிர்வாக வசதிகளைக் கருத வேண்டும். ஒரு மாநிலத்துக்குள் தொகுதிகளின் வாக்காளர் எண்ணிக்கை ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். ஆனால், நாட்டுப்புறங்களில் வாக்காளரைச் சென்றடைவது கடினம் என்பதால், பரப்பளவைக் கருதிக் கிராமப்புறத் தொகுதிகளுக்குச் சற்றுக் கூடுதல் மதிப்பு தரலாம். எல்லை மாற்றத்தால் வரும் இடர்ப்பாடுகளையும் உள்ளூர் உறவுகளைப் பேணுவதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

தாப்பாவோடு சேராததற்கு விடை முதல் நெறியிலேயே கிடைத்துவிட்டது. என்னை நிறுத்தியது அந்தக் 'கூடுதல் மதிப்பு'.

அது எவ்வளவு? 1957இல் அரசியலமைப்பு இதற்கு வரம்பு வைத்திருந்தது. சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. 1962இல் அந்த வரம்பு தளர்ந்தது. கிராமப்புறத் தொகுதி ஒன்றில் நகர்ப்புறத் தொகுதியின் வாக்காளர்களில் பாதிப் பேர் இருந்தாலும் போதும் என்றாயிற்று. 1973இல் அந்தப் பாதி என்ற வரம்பும் நீக்கப்பட்டது. 'சற்று' என்றால் எவ்வளவு என்று சொல்ல இப்போது எண் எதுவும் இல்லை.

விளைவை வகுப்பறைக் கணக்காகச் சொல்கிறேன். 2022ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் கேமரன் மலையின் வாக்காளர்கள் ஏறத்தாழ 46 ஆயிரம். அதே மாநிலத்தில், அதே 2003ஆம் ஆண்டு மறுசீரமைப்பில் பிறந்த இந்திரா மக்கோத்தா தொகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேல். நான் இப்போது வாழும் சிலாங்கூரில், பாங்கி தொகுதியில் 3 லட்சத்துக்கும் மேல். 46 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர். 300 மாணவர்களுக்கும் ஓர் ஆசிரியர். எந்தப் பெற்றோர் இதை ஏற்பார்?

அதே வேளையில் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். அந்த 46 மாணவர்களும் ஒரே அறையில் இல்லை. சிலர் மலையுச்சியில், சிலர் ஆற்றங்கரையில், சிலர் மழை பெய்தால் வண்டி போகாத காட்டுக்குள். செம்மண் பாதையில் இறங்கி நடந்தவள் என்பதால், அந்தச் சலுகை முழுவதும் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால், அந்தச் சலுகை யாருக்காக? எளிதில் சென்றடைய முடியாத மக்களுக்காக. ஒரு கட்சிக்காகவும் அன்று, ஓர் இனத்துக்காகவும் அன்று. கேமரன் மலையைப் பொறுத்தவரை, எளிதில் சென்றடைய முடியாத மக்கள் முதன்மையாக யார்? என் பட்டியலில் இருந்த அந்தப் பெயர்களுக்கு உரியவர்களே.

இந்த எண்ணம் 2019இல் எனக்கு ஒரு சோதனையாக வந்தது.

அதற்குள் நான் மாற்றலாகிச் சிலாங்கூர் வந்துவிட்டேன். 2004 முதல் நான்கு பொதுத் தேர்தல்களிலும் கேமரன் மலையில் ம.இ.கா.வே வென்றது. போகப்போகப் போட்டி கடுமையானது. 2013இல் பெரும்பான்மை 462 வாக்குகள், 2018இல் 597. பெரும்பான்மை அவ்வளவு சிறிதாக இருந்தால், பிறர் பார்வைக்கு எட்டாத ஊர்களின் வாக்குகளுக்குத் திடீரென்று மதிப்பு வந்துவிடும். 2018ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், பூர்வகுடி வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டதைக் காரணம் காட்டித் தேர்தல் நீதிமன்றம் அந்த வெற்றியைச் செல்லாது என அறிவித்தது. 2019ஆம் ஆண்டு சனவரி 26இல் இடைத்தேர்தல். ம.இ.கா. அந்த இடத்தை விட்டுக்கொடுத்தது. தேசிய முன்னணியின் வேட்பாளராகக் காவல்துறையின் முன்னாள் அதிகாரி ரம்லி முகமட் நோர் நின்றார். 3,238 வாக்குகள் பெரும்பான்மையில் வென்று, மக்களவையின் முதல் பூர்வகுடி உறுப்பினர் ஆனார்.

மறுநாளே என் பழைய மாணவர் ஒருவரின் தந்தை மலையிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். குரலில் வருத்தம். "நம்ம தொகுதியக் குடுத்துட்டாங்களே டீச்சர்!"

உண்மையைச் சொன்னால், எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. நான் கேட்டேன்: "அண்ணே, அந்தத் தொகுதியில நம்ம ஆளுங்க எத்தன பேர்னு தெரியுமா?"

"அதெல்லாம் தெரியாது டீச்சர். நம்ம ஆளு இருந்தா, ஒன்னுன்னா போய் நிக்கலாம்ல?"

அந்தச் சொல்லை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். தோட்டத்து வீட்டுக்குக் கூரை ஒழுகினாலும், பள்ளிக்கு ஒரு வகுப்பறை வேண்டுமென்றாலும், பிள்ளைக்கு அடையாள அட்டை கிடைக்கவில்லை என்றாலும், போய் நிற்பதற்கு ஒரு வாசல் வேண்டும். அந்த வாசலில் நம் மொழி பேசும் ஒருவர் இருந்தால் பாதிப் பயம் போய்விடும். நான்கு தேர்தல்களாக இருந்த அந்த வாசல் ஒரே நாளில் மாறினால் மனம் வலிக்கத்தான் செய்யும்.

ஆனால், கணக்கையும் பார்க்க வேண்டும் அல்லவா? அந்த இடைத்தேர்தலின்போது தொகுதி வாக்காளர்களில் மலாய்க்காரர்கள் மூன்றில் ஒரு பங்கு. சீனர்கள் ஏறத்தாழ 30 விழுக்காடு. பூர்வகுடியினர் ஏறத்தாழ 22 விழுக்காடு. இந்தியர்கள் ஏறத்தாழ 15 விழுக்காடு. அது ஒருபோதும் 'நம் தொகுதி'யாக இருந்ததில்லை. எல்லாருடைய தொகுதியாகத்தான் இருந்தது. நம்மைவிட எண்ணிக்கையில் கூடியவர்கள், அந்த மண்ணின் ஆதிக்குடிகள், 1955ஆம் ஆண்டின் முதல் பொதுத் தேர்தலிலிருந்து காத்திருந்தார்கள். மேலவையில் அவர்களுக்கு நியமன உறுப்பினர்கள் இருந்ததுண்டு. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஒருவர் மக்களவைக்கு வர 64 ஆண்டுகள் ஆயின. அவர்களுக்கும் போய் நிற்க ஒரு வாசல் வேண்டும் அல்லவா?

இதைத்தான் அந்தத் தந்தையிடம் சொன்னேன். வாக்குச்சாவடியில் அந்த முதியவர் தம் பெயரை எனக்குச் சொல்லிக்கொடுத்ததையும் சொன்னேன். சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "அவங்க புள்ளைங்களும் எங்க பாதையிலதான் நடந்து போகுதுங்க" என்றார். முழுமையாக உடன்பட்டாரா என்று எனக்குத் தெரியாது. நானும் வற்புறுத்தவில்லை.

ரம்லி 2022இலும் வென்றார். அதே ஆண்டு டிசம்பரில் மக்களவைத் துணைச் சபாநாயகரும் ஆனார். ஒருவர் உயர்ந்ததால் காட்டுப்பாதைகள் எல்லாம் தார்ச்சாலை ஆகிவிடா. அதை நானும் அறிவேன். ஆயினும், இன்று கேமரன் மலையைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்தும்போது, தேயிலையோடு முடித்துக்கொள்ள என்னால் முடிவதில்லை.

இனி, இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்பதற்கு வருகிறேன்.

தீபகற்ப மலேசியாவின் கடைசி எல்லை மறுசீரமைப்பு 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நடப்புக்கு வந்தது. ஒரு மறுசீரமைப்புக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது எட்டு ஆண்டுகள் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த எட்டு ஆண்டுகள் 2026 மார்ச்சில் நிறைவுறுகின்றன. அதன் பிறகு எப்போது வேண்டுமானாலும் புதிய கோடுகள் வரையப்படலாம். உங்கள் வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் நடுவிலேகூட அந்தக் கோடு போகலாம்!

அப்போது நாம் என்ன செய்யலாம்? தேர்தல் ஆணையம் தன் பரிந்துரையைப் பொதுமக்கள் பார்வைக்கு ஒரு மாதம் வைக்க வேண்டும். மாநில அரசும், பாதிக்கப்படும் ஊராட்சி மன்றமும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அவர்களுக்கு நிகராக, அந்தத் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள 100 பேர் சேர்ந்தாலும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அப்படி வந்தால் ஆணையம் உள்ளூர் விசாரணை நடத்தியே ஆக வேண்டும். நூறு பேர்! ஒரு நடுத்தரத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக்கூட்டத்தில் அமர்ந்திருப்பவர்கள் அத்தனை பேர் தேறுவார்கள். ஆனால் நூறு கையொப்பம் திரட்டுவதற்கு முன், எந்தக் கோடு எங்கே போகிறது என்று நூறு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒரு மாதத்தில் புதிதாகக் கற்றுக்கொள்ள நேரமிராது.

2021ஆம் ஆண்டு டிசம்பர் முதல் 18 வயது நிரம்பியவர்கள் தாமாகவே வாக்காளர் ஆகிவிடுகிறார்கள். இன்று என் வகுப்பில் இருக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இன்னும் ஆறே ஆண்டுகள்தாம்.

ஆகவே ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே, ஒரு சிறு வேண்டுகோள். இந்த வாரம் உங்கள் பிள்ளையிடம் ஒரு வெள்ளைத்தாள் கொடுங்கள். உங்கள் தொகுதியை வரையச் சொல்லுங்கள். வீடும் பள்ளியும் கோயிலும் பேரங்காடியும் வரைந்து முடித்துவிட்டு, "முடிந்தது" என்று நீட்டுவார்கள். அப்போது, "இதற்கு அப்பால் யார் இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் இருவரும் சேர்ந்து தேடுங்கள்.

மலையில் அன்று வரைந்த முப்பது தாள்களையும் நான் வைத்திருக்கவில்லை. ஒன்று மட்டும் என்னிடம் இருக்கிறது. தாப்பாவோடு ஏன் சேரவில்லை என்று கேட்ட சிறுவனுடையது. நான் விளக்கிய பிறகு, தாளில் இடமில்லாததால், இன்னொரு தாளை ஒட்டி அதில் ஓர் ஆற்றையும் சில வீடுகளையும் வரைந்து கொடுத்தான். ஒட்டிய பசை காய்ந்து மஞ்சளாகிவிட்டது. தாள்கள் இன்னும் பிரியவில்லை.